சித்தி ஸுலைஹாவின் மூக்கும் மகளின் கல்யாணப் பூவும்

கல்யாண மேடை அலங்கரிக்கும் சோடனைக்காரனின் ஸ்டோர் கதவு திறந்ததும் சித்தி ஸுலைஹா முக்காட்டை இழுத்து மூக்கில் அழுத்திக்கொண்டாள். அழுத்தியும் பலனில்லை. அறை முழுக்கப் பூ. ரோசா, லில்லி, ஓர்கிட் என்று கூரை வரைக்கும் குவிந்து கிடந்தன. அத்தனையும் பிளாஸ்டிக்கிலும் துணியிலும் செய்தவை. புத்தளம் டவுனில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு மேடையேறி இறங்கியவை. ஒரு ரோசாவின் இதழில் புரியாணி நெய் காய்ந்து மஞ்சளாகியிருந்தது. இன்னொரு பூவுக்குள் பல்லி முட்டை. யாரோ பெற்ற பிள்ளை சுவிங்கத்தை மென்று இலைக்கு அடியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தது. இத்தனை ஊத்தைக்கும் மேலே மலிவான சென்டை வேறு அடித்து வைத்திருந்தார்கள்.

“இதுகளக் கழுவுறேல்லையா தம்பி?”

“கழுவினா சாயம் போயிரும் ராத்தா. சென்ட் அடிச்சாப் போதும். இதுவரைக்கும் ஒருத்தரும் கொற செல்லல்ல.”

ஒருத்தரும் குறை சொல்லவில்லையாம்! மற்றவர்களுக்கெல்லாம் முகத்தில் இருப்பது மூக்குத்தானா, இல்லை மூக்குக் கண்ணாடி மாட்டுவதற்கு வைத்த ஆணியா? ஸுலைஹா வெளியே வந்து சாக்கடைக் கானோரம் குந்தி இரண்டு தரம் துப்பினாள். தொண்டைக்குள் இறங்கிய அந்த சென்ட் துப்பினாலும் போகவில்லை.

“நம்மட மகள் அகீலாட கல்யாணத்துக்கு இந்தக் குப்ப வரப்படாது. பந்தலும் நாமளே, மேடையும் நாமளே, பூவும் நாமளே” என்று முச்சக்கர வண்டிக்குள் ஏறும்போதே அறிவித்தாள். உள்ளே காத்திருந்த கணவர் பதியுதீன் “ஓம்” என்றார். இருபத்தைந்து வருடமாக இந்த மாதிரி இடங்களில் அவர் அதைத்தான் சொல்லிவருகிறார்.

ஸுலைஹாவின் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்தக் குடும்பம் சோறு தின்றதே அதனால்தான். கரைத்தீவில் களப்பை அண்டியிருக்கும் ஓர் இறால் கொம்பனியில் அவளுக்குப் பதினெட்டு வருடச் சேவை. பண்ணைகளிலிருந்தும் வள்ளங்களிலிருந்தும் வரும் இறாலை மேசையில் கொட்டுவார்கள். மற்றப் பெண்கள் பருமன் பார்த்துப் பிரிப்பார்கள். ஸுலைஹா ஒன்றை எடுத்துத் தலையை முறிப்பாள், மூக்கருகே ஒரே ஒரு தரம் கொண்டுபோவாள், “இது நேத்தையான்” என்று ஒதுக்குவாள். சேற்று மணம், மருந்து மணம், ஐஸ் போதாமல் அவிந்த மணம் எல்லாம் அவளுக்குத் தனித்தனி. “எங்கட ராத்தா மோந்து விட்டது” என்று முதலாளி செய்னுலாப்தீன் தொலைபேசியில் சொன்னால் கொழும்பில் மறு பேச்சு இல்லை. நல்ல இறாலுக்கு என்ன மணம் என்று புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை ஒருத்தி கேட்டபோது, “நல்ல றாலுக்கு மணமே இல்ல புள்ள” என்றாள். அவளைப் பொறுத்தவரை அது உண்மை.

அந்த மூக்கால் அவளுக்கு ஒரு நாளும் நிம்மதி இருந்ததில்லை. தொண்ணூறாம் ஆண்டு புலிகள் முஸ்லிம்களை வெளியேற்ற, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு இங்கே வந்திறங்கியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஓலைக் கொட்டில்கள், நாற்பது குடும்பங்களுக்கு நாலே நாலு கக்கூஸ். மாரி மழைக்கு அவை நிரம்பி, கொட்டில் வாசலுக்கே ஓடி வரும். மற்றவர்கள் பழகிவிட்டார்கள். ஸுலைஹா பழகவில்லை. எட்டு வருடம் மூச்சைப் பிடித்துப் பிடித்தே வளர்ந்தவள், சொந்தமாக ஒரு கல்வீடு வந்ததும் அதை ஓயாமல் தேய்த்துக் கழுவினாள். வேலை முடிந்து வந்தால் கிணற்றடியிலேயே குளித்து உடுப்பு மாற்றி, தேசிக்காய் பிழிந்து சவுக்காரமும் போட்டுக் கையை உரசிய பிறகுதான் வீட்டுக்குள் காலை வைப்பாள். தன்னைவிடச் சுத்தமான பெண் அந்தப் பகுதியில் இல்லை என்பது அவளுடைய முடிவு. மற்ற எல்லாரும் ஊத்தை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் ஊத்தை, கடைக்காரனின் கை ஊத்தை, அடுத்த வீட்டுக் கறிச்சட்டி ஊத்தை.

அருவருப்பை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது. மேலுதடு தானாக ஏறும், மூக்குத் துளை விரியும், முகம் முழுவதும் கசங்கிப்போகும். இரண்டு வருடத்துக்கு முன் அகீலாவைப் பெண் பார்க்க ஒரு கூட்டம் வந்தது. மாப்பிள்ளையின் தாய் ஸலாம் சொல்லி ஸுலைஹாவைக் கட்டிப்பிடித்தாள். நாலு மணித்தியாலம் பஸ்ஸில் வந்த வேர்வை, அதற்கு மேல் அத்தர். ஸுலைஹாவின் முகம் அந்த இடத்திலேயே காட்டிக்கொடுத்துவிட்டது. வந்தவர்கள் வட்டிலப்பத்தைத் தொடாமலே எழும்பிப் போனார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு, சரிவராது என்று தரகர் வந்து சொன்னார்.

அகீலா அன்று அழவில்லை. அவள் குருநாகல் பக்கம் ஆசிரியர் பயிற்சிக்குப் போய் விடுதியில் தங்கியிருந்த காலம் அது. திரும்பப் போகும்போது, “அடுத்த முற ஆரும் வந்தா நீங்க குசினிக்குள்ள அடுப்படியிலயே இரிங்க உம்மா” என்றாள். பெற்ற மகள் அப்படிச் சொன்னது ஸுலைஹாவைச் சுட்டது.

இப்போது தில்லையடியிலிருந்து சம்பந்தம் வந்து பேசி முடிந்திருக்கிறது. மாப்பிள்ளை றிஸ்மின் டவுனில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான், அடக்கமான பிள்ளை, அகீலாவுக்கும் பிடித்துவிட்டது. அவனுடைய தாய் அஸீஸாதான் வில்லங்கம். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பது இவர்களுடைய வழமை. “என்ட மகன் இரிக்கப்போற வீட்ட நான் பாக்கத்தானே வேணும்” என்று சொல்லி அவள் இரண்டு தரம் வந்து, குசினியிலிருந்து கக்கூஸ் வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஏதாவது ஒரு குறை கையில் அகப்பட்டால் போதும், மகனைத் தன் வீட்டிலேயே பிடித்து வைத்துக்கொள்வாள். பிறகு அகீலா ஒன்றில் அங்கே போய் மாமியாருக்குக் கீழே கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் மாப்பிள்ளை வராத வீட்டில் இருந்து ஊரின் கதையைக் கேட்க வேண்டும். “இந்த முற ஒங்கட மூஞ்சக் காட்டிராதீங்க உம்மா, காலமெல்லாம் நான்தான் கெடந்து அனுபவிக்கோணும்” என்று மகள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அந்தச் சத்தியத்துக்கு வந்த முதல் சோதனை மூன்று சாக்குப் பூ. றிஸ்மினின் உடன்பிறந்த ராத்தா ஸுஹைராதான் கொண்டுவந்தாள்.

“மாமி, சோடனக்காரன வாணாம் எண்டு செல்லிட்டீங்களாமே. என்ட கல்யாணத்துப் பூ சும்மா கெடக்குது. எங்கட இவர் கட்டார்ல இரிந்து கொண்டு வந்தது, எல்லாம் பட்டுத்துணி. வெச்சுக்கோங்க, திருப்பித் தரத் தேவல்ல.”

மனம் நிறைந்துதான் கொடுத்தாள், அதில் ஒரு பழுதும் இல்லை. ஸுலைஹா ஒரு சாக்கின் வாயை அவிழ்த்தாள். ஐந்து வருடம் அஸீஸா வீட்டுப் பரணில் கிடந்த சாக்கு. எலி மூத்திரம் முகத்தில் அடித்தது. ஒரு மூத்திரமா, தலைமுறை தலைமுறையாகப் பெய்த மூத்திரம். வெள்ளை ரோசாவின் நடுவில் கறுப்புப் புழுக்கைகள். ஒரு லில்லியைக் கரப்பான் அரித்துச் சல்லடையாக்கியிருந்தது. ஸுஹைரா ஆசையோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஸுலைஹா பல்லைக் கடித்தாள், மூச்சை அடக்கினாள், சிரித்தாள். “வடிவா இரிக்குது மகள்” என்றாள். ஸுஹைராவின் வண்டி சந்தி தாண்டும் வரைக்கும் பொறுத்திருந்து, வீட்டுக்குப் பின்னால் ஓடிப்போய், காலையில் தின்ற பாணையும் சம்பலையும் வாந்தியெடுத்தாள்.

சாக்கு மூன்றும் விறகுக் கொட்டிலுக்குப் போயின. “நெசப் பூதான் போடுறது” என்று தீர்ப்பு வந்தது.

“கச்சான் காத்து அடிக்கிற நேரம்” என்று பதியுதீன் மெதுவாக நினைவூட்டினார். “உப்புக் காத்துப் பட்டா ரோசா மத்தியானம் லுஹருக்குள்ள கருகிரும்.”

“அந்தப் பூவ சவுக்காரம் போட்டுக் கழுவிப் பாப்பமே உம்மா. இல்லாட்டி ஸுஹைரா மச்சிட மனம் நோகும்” என்றாள் அகீலா.

“எலி மூத்திரத்துக்குக் கீழ நீங்களும் மாப்புளயும் இரிப்பீங்க, நான் பாத்துட்டு நிக்கிறதா? காத்துக்குக் கருகினா ஐஸில வெச்சா முடிஞ்சுது!”

ஐஸுக்கு அவளிடம் பஞ்சமா? கொம்பனியின் லொறி இறாலை இறக்கிவிட்டுக் கொழும்பிலிருந்து வெறும் றெஜிபோம் நுரைப் பெட்டிகளோடு திரும்பும். அதை ஓட்டுவது பதியுதீனின் தம்பி நௌஃபர். சனிக்கிழமை அந்தப் பெட்டிகளில் ரோசா வரும், விடியும் வரை கொம்பனியின் ஐஸ் அறையில் இருக்கும், விடிய எடுத்து மேடையில் குத்தினால் மாப்பிள்ளை வரும் வரைக்கும் வாடாமல் நிற்கும். முதலாளி உடனே சம்மதித்தார். தெருவில் கேட்டவர்கள் எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். அகீலா மட்டும், “றால் பெட்டியிலயா உம்மா?” என்று கேட்டாள். “நானே கழுவுறேன் மகள், நான் கழுவினா அதுக்கு மேல என்ன?” என்று தாய் முடித்துவிட்டாள்.

கழுவத்தான் கழுவினாள். ஆறு பெட்டிகளைத் தெரிந்தெடுத்து, குளோரின் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய்த் தும்பால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, வெயிலில் கவிழ்த்தாள். காய்ந்த பிறகு ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தலையை விட்டு மூன்று தரம் மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. செய்னுலாப்தீன் முதலாளி வந்து தானும் குனிந்து பார்த்துவிட்டு, “இதில சோறு போட்டுத் தின்னலாம் ராத்தா” என்றார். அந்த ஆறும் நௌஃபரின் லொறியில் வெறுமையாகவே கொழும்புக்குப் போய், ரோசாவோடு திரும்பி, ஐஸ் அறைக்குள் ஏறின.

ஞாயிறு விடிய பெட்டிகளைத் திறந்தபோது ரோசாக்கள் பறித்த மாதிரியே இருந்தன, சிவப்பும் இளஞ்சிவப்பும், இதழில் குளிர்த் தண்ணீர் முத்துமுத்தாக. கொம்பனியில் கூட வேலை செய்யும் பெண்கள் ஆறு பேர் வந்து கை கொடுத்தார்கள். இறால் பிரிக்கிற வேகத்தில் பூப் பிரித்தார்கள். பெரியது மேலே, நடுத்தரம் ஓரத்துக்கு, சிறியது கதிரைக் காலுக்கு. பதினொரு மணிக்கு மேடை முடிந்தது. ஸுலைஹா முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து பார்த்தாள். அவள் போன கல்யாண வீடுகளிலேயே எதுவும் நாறாத வீடு இது ஒன்றுதான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கூட வேலை செய்யும் பெண்களுக்குத் தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அதை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை.

நிக்காஹ் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அதற்குச் சற்று முந்தி வருவார்கள். அவர்களுக்கும் முன்பாக, லுஹர் முடிந்த கையோடு, ஸுஹைரா கூறைச் சீலைப் பெட்டியை ஏந்திக்கொண்டு வந்தாள். பந்தலுக்குள் இரண்டடி வைத்தவள் நின்றாள். மேலுதடு ஏறியது. மூக்குத் துளை விரிந்தது. உடனே சமாளித்துக்கொண்டு சிரித்தாள்.

“மாஷா அல்லாஹ் மாமி, நல்ல வடிவு” என்றாள். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, மேடையை விட்டுத் தள்ளி, காற்று உள்ளே வருகிற மூலையில் போய் நின்றாள். லேஞ்சியை எடுத்து வாயைத் துடைக்கிற சாட்டில் மூக்கில் வைத்துக்கொண்டாள்.

உலகத்தில் வேறு எந்த முகம் ஸுலைஹாவுக்குத் தப்பினாலும் இந்த முகம் தப்பாது. அவளுக்கு நெஞ்சு கொதித்தது. தன்னுடைய சாக்குப் பூ மேடையேறவில்லை என்ற எரிச்சலில் வேண்டுமென்றே செய்கிறாள், தாயைப் போலத்தானே மகளும் இருப்பாள் என்று நினைத்தாள்.

“என்ன மகள், என்னமும் மணக்குதா?”

“இல்ல மாமி, ஒண்டுமில்ல.”

“அப்ப ஏன் அங்கால போய் நிக்கிறீங்க?”

“வெக்கையா இரிக்குது மாமி. காத்துக்குத்தான்.”

ஸுலைஹா மேடையில் ஏறி ஒரு சிவப்பு ரோசாவை உருவி மூக்கில் வைத்து இழுத்தாள். பச்சை இலை வாசம், கொஞ்சம் ரோசா வாசம், குளிர். வேறொன்றும் இல்லை. கொம்பனிப் பெண்களைக் கூப்பிட்டு நீட்டினாள். ஆறு பேரும் மோந்தார்கள், ஆறு பேரும் “ரோசா வாசம்தானே ராத்தா” என்றார்கள். பதியுதீன் மோந்துவிட்டு “ஓம், நல்ல வாசம்” என்றார். சட்டி கிளறிக்கொண்டிருந்த சமையல்காரர் அஹமட் வரை கொண்டுபோய்க் காட்டினாள். அவரும் அதையே சொன்னார். எலி மூத்திரப் பூவைத் தந்துவிட்டு என்னுடைய பூவுக்கு மூக்கைப் பொத்துகிறாயா என்ற கேள்வி அவள் தொண்டைக்குள் வந்து நின்றது. அதைத் துப்புவதற்கு முன் ஒரே ஒரு சாட்சி பாக்கி. ரோசாவோடு மகளின் அறைக்குள் போனாள்.

அகீலா தனியாகக் கட்டிலில் இருந்தாள். கையில் மருதோன்றி சிவந்திருந்தது. அறைக் கதவு சாத்தியிருந்தது.

“மகள், நீங்க செல்லுங்க. இதில என்னமும் மணக்குதா?”

அகீலா ரோசாவை வாங்கினாள். மூக்கருகே பிடித்தாள், கண்ணை மூடினாள், புன்னகைத்தாள். “ரோசா வாசம்தான் உம்மா. நல்லா இரிக்குது.”

முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. ஆனால் ஸுலைஹா பார்த்தது முகத்தை இல்லை, நெஞ்சை. அது ஏறவில்லை, இறங்கவில்லை. மோந்து பார்ப்பதையே பதினெட்டு வருடம் தொழிலாகச் செய்தவளுக்கு, ஒருத்தி மோக்கிறாளா, மோப்பதாகக் காட்டுகிறாளா என்று தெரியாமல் போகுமா? மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

“மூச்ச எடுங்க.”

“எடுத்தேன்தானே உம்மா.”

“பொய் செல்லாதீங்க. எனக்கு முன்னால எடுங்க.”

அகீலா எடுத்தாள். எடுத்ததும் முகம் கசங்கியது. ரோசாவை மெதுவாகக் கட்டிலில் வைத்தாள்.

“றால் வெடுக்கு மணக்குது, உம்மா.”

“எல்லாப் பூவிலயுமா?”

“ஓம். அறைக்குள்ள வரைக்கும் வருது. அதுதான் கதவச் சாத்தின.”

“எனக்கு மணக்கல்லையே! அத்தன பேருக்கும் மணக்கல்லையே!”

“ஒங்களுக்கு மணக்காது உம்மா. இங்க ஆருக்கும் மணக்காது, எல்லாரும் அதுக்குள்ளதானே இரிக்கிறம். எனக்கும் முந்தி மணக்கல்ல. விடுதிக்குப் போய் மூணு மாசம் கழிச்சு லீவில வந்தேன், அப்பதான் தெரிஞ்சுது. தலகணியில, சீலையில, ஒங்கட கையில…” அவள் நிறுத்தினாள். நிறுத்தியது போதாது என்று கையால் வாயையும் மூடிக்கொண்டாள்.

ஸுலைஹா கட்டிலில் இருக்கப் போனவள், தன் மணம் மகளின் சீலையில் பட்டுவிடும் என்று நினைத்து இருக்காமல் நின்றாள். பிறகு கேட்கவே விரும்பாத ஒன்றைக் கேட்டாள். “மொதல்ல வந்தாங்களே, அந்தச் சம்பந்தம்? அதுவும் இதாலயா?”

அகீலா தலையைக் குனிந்தாள். “வீடு மணக்குது எண்டுதான் தரகர்ட்ட செல்லியிரிந்தாங்க.”

“என்ட மூஞ்சி எண்டுதானே நீங்க சென்ன?”

“மூஞ்சிய மாத்தலாம் உம்மா. இத எப்பிடிச் செல்றது?”

இந்தக் கை எத்தனை ஆயிரம் தேசிக்காயால் உரசிய கை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக, நகம் வெட்டி, சுத்தமாக இருந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்தக் கைமேல் குமட்டிக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் ஊத்தை என்று துப்பித் திரிந்த மனுசி, தன் பிள்ளை இத்தனை நாளும் தன்னிடமிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்பதை ஒரு கல்யாண நாளில் தெரிந்துகொண்டாள். எட்டு வருடம் கொட்டிலில் கிடந்த அருவருப்பெல்லாம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

அழுவதற்கு நேரமில்லை. அஸீஸா வருவதற்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. ஸுலைஹா நேரே பந்தல் மூலைக்குப் போய், எட்டடி தள்ளி நின்றுகொண்டு, “மகள், றால் வெடுக்குத்தானே?” என்று கேட்டாள்.

ஸுஹைரா லேஞ்சியைக் கசக்கினாள். “ஓம் மாமி. நான் செல்லுவேன் எண்டு நெனைக்காதீங்க. ஆனா உம்மா வந்தா ஒடன கேட்டுருவா.”

“ஒங்கட பூ கொட்டிலுக்குள்ள இரிக்குது. நான் போடாம விட்டது எலி மூத்திர நாத்தத்துக்கு.”

“எலியா?” ஸுஹைராவுக்கு முகம் சிவந்தது. “எங்கட பரணில எலி இல்லையே மாமி! எங்களுக்கு ஒரு மணமும் இல்லையே!”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸுஹைராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸுலைஹாவுக்கு வரவில்லை.

ரோசாவெல்லாம் பிடுங்கப்பட்டு ஆட்டுக்குப் போயின. ஆடு கூட முதலில் தலையைத் திருப்பிக்கொண்டது. கிணற்றடியில் மூன்று சாக்கையும் கொட்டி, சுடுதண்ணீரும் சவுக்காரத் தூளும் டெட்டோலும் ஊற்றினார்கள். புழுக்கை மிதந்தது, கரப்பான் கால் மிதந்தது, ஐந்து வருடத்துத் தூசி கறுப்பு நுரையாக வழிந்தது. ஸுலைஹா முகத்தைச் சுளிக்காமல் தேய்த்தாள். சோடனைக்காரன் சொன்னது சரி, சாயம் போகத்தான் செய்தது. சிவப்பு இளஞ்சிவப்பாகி, இளஞ்சிவப்பு வெளிறி, கிணற்றடித் தண்ணீர் சர்பத் நிறத்தில் ஓடியது. கொடியில் போட்டதும் கச்சான் காற்று அரை மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் காயவைத்துவிட்டது. கொம்பனிப் பெண்கள் ஆறு பேரும் பழைய வேகத்தில் குத்தினார்கள்.

கடைசிப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு ஸுஹைரா வந்தாள். “மாமி, மோந்து செல்லுங்க, எலி போயிட்டா?”

ஸுலைஹா வாங்கி மோந்தாள். “எலி போயிட்டுது.” பிறகு பூவை நீட்டினாள். “ஆனா கழுவினது எங்கட கை. றால் ஏறியிருக்கா எண்டு நீங்க செல்லுங்க மகள். எனக்குத் தெரியாது.”

ஒரு மணத்தைப் பற்றி எனக்குத் தெரியாது என்று அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். ஸுஹைரா பூவை மூக்கில் வைத்து ஆழமாக மூச்சை இழுத்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. “கொஞ்சம் இரிக்குது மாமி” என்றாள்.

அதற்கு மேல் என்ன செய்வது என்று கதைக்க நேரம் கிடைக்கவில்லை. வாசலில் வான் வந்து நின்றது. அஸீஸா இறங்கினாள். ஒரு கையால் சீலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி பந்தலுக்குள் நுழைந்தாள், நின்றாள், காற்றை ஒரு தரம் இழுத்தாள். மேலுதடு ஏறியது. பின்னால் வந்த பத்துப் பன்னிரண்டு பெண்களும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று நின்றார்கள்.

“என்னடி இது மணம்?” என்றாள் அஸீஸா, பக்கத்தில் வந்த மகளிடம்.

“அது என்ட பூ உம்மா” என்றாள் ஸுஹைரா, எல்லாருக்கும் கேட்கும்படி. “அஞ்சு வருசமா நம்மட பரணில கெடந்தது. நம்மட வீட்டு மணம்தான். மாமி பாவம், எவ்வளவோ கழுவிப் பாத்தா, போகல்ல.”

அஸீஸா திறந்த வாயை மூடினாள். தன் வீட்டுப் பரணைப் பற்றித் தன் சொந்தக்காரருக்கு முன்னால் அவள் என்னத்தைச் சொல்ல? “பரவால்ல, வடிவாத்தான் இரிக்குது” என்று முணுமுணுத்துக்கொண்டு முன்வரிசையில் போய் இருந்தாள்.

அஸருக்குப் பிறகு மாப்பிள்ளை வந்தான், மேடையேறினான், எல்லாம் ஒழுங்காக நடந்தது. படம் எடுக்கிறவன் பெண்ணின் தாயைக் கூப்பிட்டான். ஸுலைஹா சமையல் சட்டிகளுக்கு அப்பால், காற்று தன் மேல் பட்டு வெளியே போகிற பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். பிறகு அகீலாவே ஆள் அனுப்பினாள், இரண்டு தரம். கை வேலை முடியவில்லை என்று ஸுலைஹா சொல்லி அனுப்பினாள். போய் மகளுக்குப் பக்கத்தில் நிற்க அவளுக்கு உயிரே துடித்தது. எவ்வளவு தூரம் தள்ளி நின்றால் போதும் என்று அறிந்துகொள்ளத்தான் அவளிடம் ஒரு வழியும் இருக்கவில்லை.